கியர்பாக்ஸ் போச்சுன்னு யாருய்யா சொன்னது?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருந்த விஷயம். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால இன்னிக்குக் கொட்டிடறேன். பதிவு நீளம். கடல், படகு, கியர் ஆயில் எல்லாம் வரும், கூடவே கடுப்பும் வரும். கவிதை எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே ஓரமா ஒதுங்கிக்கலாம் :-)

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர்ல. ஆனா மத்த பொட்டி தட்டறவங்க மாதிரி அமெரிக்க பேங்குக்கு இல்ல. ஒரகடத்துல உக்காந்து லாரி கியர்பாக்ஸுக்கு டயக்னோஸ்டிக்ஸ் எழுதறேன். டிரைவர் முன்னாடி ஒரு மஞ்சள் விளக்கு எரியுதே, அது எப்போ எரியணும், எதுக்கு எரியணும்னு முடிவு பண்ற வேலை. அதுல ரொம்ப அடிப்படையான சோதனை ஒண்ணு உண்டு. எஞ்சின் இவ்வளவு வேகத்துல சுத்துது, போட்டிருக்கிற கியரோட விகிதம் இவ்வளவு, அப்படின்னா வெளிய வர்ற ஷாஃப்ட் இவ்வளவு வேகத்துல சுத்தணும். சுத்தலைன்னா நடுவுல எதுவோ வழுக்குது. அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் கணக்கு. இதை நாலு வருஷமா எழுதி, திருத்தி, டெஸ்ட் பண்ணி, அதுக்குச் சம்பளமும் வாங்கிக்கிட்டு இருக்கேன்.

இப்ப என் மாமா. அம்மாவோட தம்பி. கோவளத்துல ஃபைபர் படகு வெச்சிருக்கார், அவுட்போர்டு மோட்டார். எங்க குடும்பத்துல முத இன்ஜினியர் நான்தான்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். போன வருஷம் ஒரு நாள் காலையில பதினோரு மணிக்கு போன் பண்ணார். நான் மீட்டிங்ல இருந்தேன். அவர் சொன்ன வார்த்தை இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு:

"மாப்ள, மெதுவா போனா போகுது. முறுக்கினா எஞ்சின் கத்துது, படகு நகர மாட்டேங்குது. வேற சத்தம் ஒண்ணும் இல்ல. கம்பெனி ஆளு பாத்துட்டு கியர்பாக்ஸ் போச்சு, கீழ் யூனிட்ட அப்படியே மாத்தணும்ங்கிறான். நீ என்னப்பா சொல்ற?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களே சொல்றாங்கன்னா சரியாத்தான் மாமா இருக்கும். மாத்திடுங்க." இருபது செகண்ட்ல போனை வெச்சுட்டேன்.

அத்தையோட ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு. யூனிட் மாத்தினாங்க. படகு ஓடுச்சு. கதை முடிஞ்சது.

முடியல. மாமாவுக்குப் பழைய இரும்பு மேல ஒரு பாசம். "காசு குடுத்தது நான், பழசை நீ எதுக்கு வெச்சுக்கற"ன்னு சண்டை போட்டு பழைய யூனிட்டையும் பழைய புரொப்பல்லரையும் சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். பொங்கலுக்குப் போனப்ப திண்ணை ஓரத்துல அது கிடந்துச்சு. சும்மா இருக்க முடியாம ஸ்பேனரை எடுத்தேன்.

கியர் ஆயிலை வடிச்சேன். கொஞ்சம் கறுத்திருந்துச்சு, ஆனா பால் மாதிரி வெளுக்கல. அதாவது உள்ள தண்ணி போகல. வடிகால் திருகோட முனையில ஒரு காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி கொஞ்சம் பூசியிருந்துச்சு. அது சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டா இரும்பு இல்ல. பிரிச்சுப் பாத்தா பினியன் நல்லா இருக்கு, முன் கியர், பின் கியர் ரெண்டும் நல்லா இருக்கு. நடுவுல முன்னும் பின்னும் நகர்ற டாக் கிளட்ச்சோட பல்லு முனை மழுங்காம அப்படியே இருக்கு.

அப்ப என்னதான் போச்சு?

பில்லை எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது வரி: புரொப்பல்லர், 1. புது யூனிட்டுக்குப் பழைய புரொப்பல்லர் போட்டா அடி வாங்கும்னு சொல்லி அதையும் புதுசா மாட்டியிருக்காங்க. தலையில அடிச்சுக்கிட்டேன். அத்தை பொண்ணோட நெயில் பாலிஷை வாங்கி, பழைய புரொப்பல்லரோட நடு பித்தளைக் குழாய்ல ஆரம்பிச்சு, நடுவுல இருக்கிற ரப்பர் மேல ஓடி, வெளி உருளை வரைக்கும் நேரா ஒரு கோடு இழுத்தேன். காயவிட்டு, புது யூனிட்ல அந்தப் பழசை மாட்டி, கழிமுகத்துல அமைதியான தண்ணியில மாமாவும் நானும் இறக்கினோம். மெதுவா போச்சு. முறுக்கினதும் எஞ்சின் கத்துச்சு, படகு நகரல. கரைக்கு வந்து பாத்தா கோடு ரெண்டா பிரிஞ்சு, உள் பாதி ஒரு பக்கம், வெளிப் பாதி இன்னொரு பக்கம்.

நடு ரப்பர் விட்டுப் போச்சு. அவ்வளவுதான் மேட்டர்!

அந்த ரப்பர் எதுக்கு இருக்குன்னு சொல்லணும். புரொப்பல்லர் மணல் திட்டுலயோ, கல்லுலயோ, மிதக்கிற கட்டையிலயோ அடிச்சா அந்த அதிர்ச்சி நேரா கியர் பல்லுக்குப் போகாம ரப்பர் வழுக்கி வாங்கிக்கும். கியரைக் காப்பாத்தத்தான் அது செத்துச்சு. காப்பாத்தப்பட்ட கியரைத்தான் நம்மாளுங்க தூக்கிக் குப்பையில போடச் சொல்லியிருக்காங்க.

இப்ப மாமா போன்ல சொன்னதை மறுபடி படிங்க. மெதுவா போனா போகுது. முறுக்கினா வழுக்குது. சத்தம் இல்ல. அவுட்போர்டுல கீழ இருக்கிறது டாக் கிளட்ச், அதாவது பல்லும் பல்லும் கோர்த்துக்கிற சமாச்சாரம். கார் கிளட்ச் மாதிரி உரசிப் பிடிக்கிறது இல்ல. பல்லு சத்தமில்லாம வழுக்காது. ஒண்ணு பிடிக்கும், இல்லைன்னா 'டக் டக்'குனு தெறிச்சு உதறும். பின்னங்கால்ல யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி படகே குலுங்கும். சத்தமே இல்லாம வழுக்க அந்த வரிசையில ரப்பருக்கு மட்டும்தான் தெரியும். கையால புரொப்பல்லரைத் திருப்பிப் பாத்தா கெட்டியா நிக்கும், ஏன்னா கை பலத்துக்கு ரப்பர் தாங்கும். எஞ்சின் பலத்துக்குத்தான் விட்டுடும். அதனாலதான் அவசரமா பாக்கறவங்க "புரொப்பல்லர் ஓக்கே, கியர்தான் போச்சு"ன்னு முடிவு கட்டிடறாங்க. (கையால திருப்பிப் பாக்கறவங்க முதல்ல கில் ஸ்விட்ச் கிளிப்பையும் பிளக் வயரையும் கழட்டிடுங்க. விரல் முக்கியம்.)

மாமா முழு டயக்னோசிஸையும் ஒரே மூச்சுல சொல்லியிருக்கார். எஞ்சின் வேகம் இருக்கு, வெளி வேகம் இல்ல, சுமை ஏறும்போது மட்டும் வழுக்குது. நான் தினம் எழுதற கோடு அதேதான். லாரியா இருந்தா ஒரு செகண்டுக்குள்ள கண்டுபிடிக்கணும்னு ரெக்வயர்மெண்ட்ல எழுதி வெச்சிருக்கோம். சொந்த மாமா வாயால சொன்னப்ப எனக்குப் புரியல. புரியலைன்னு கூடச் சொல்ல முடியாது, காதுலயே வாங்கல.

சரி, என் மேல இருக்கிற கோவத்தை ஒரு பக்கம் வெச்சுட்டு, மத்தவங்க மேல இருக்கிற கோவத்துக்கு வரேன்.

இந்தக் கதையை ஆபீஸ் கேன்டீன்ல சொன்னேன். கூட வேலை பாக்கற ஒரு நண்பர் சிரிச்சுக்கிட்டே, "யூனிட்டா மாத்தறதுதாங்க எகனாமிக்ஸ். பிரிச்சுப் பாக்கற நேரத்துக்குக் கூலி கணக்கு போடுங்க"ன்னார். ரொம்பப் பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க, அதனால பதில் சொல்லியே ஆகணும்.

அண்ணே, நம்ம பெல்ட்டுல வாரண்டியில ஒரு கியர்பாக்ஸ் மாத்தினா அந்தப் பழசு எங்க போகுது? தயாரிச்சவன்கிட்டயே திரும்பி வரும். மேசையில வெச்சுப் பிரிப்பாங்க. பழுதே இல்லைன்னா 'நோ ட்ரபிள் ஃபவுண்ட்'னு ஒரு சீட்டு ஒட்டி, மாத்தினவன்கிட்ட ஏன் மாத்தினேன்னு கேள்வி கேப்பாங்க. அதுக்குப் பயந்துதான் சர்வீஸ் சென்டர்ல மேனுவலைத் திறந்து ஒண்ணு ஒண்ணா சரிபாத்துட்டு மாத்தறாங்க. ஏன் இவ்வளவு ஒழுங்கு? காசு கம்பெனியோடது. கோவளத்துல காசு மாமாவோடது. அங்க பழசை யாரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்ல, யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. எகனாமிக்ஸ்ங்கிறது இதுதான். யார் வீட்டுக் காசுன்னு பாத்து டயக்னோசிஸ் பண்றது.

நாம எங்க உக்காந்து பேசறோம்னும் பாருங்க. இருங்காட்டுக்கோட்டையில 1998-லயே ஹூண்டாய் கார் வெளிய வந்துடுச்சு. ஒரகடத்துல 2010-ல ரெனோ-நிசான், 2012-ல பாரத் பென்ஸ், 2013-ல ராயல் என்ஃபீல்டு. வண்டிகளைச் சோதிக்கவே ஒரு பெரிய ஆராய்ச்சி மையம், ஜிஏஆர்சி, அதுவும் ஒரகடத்துலதான். வல்லம் வடகால்ல 2015-ல யமஹா தொழிற்சாலை வந்துச்சு. அங்க செய்யறது டூ வீலர். ஆனா அதே யமஹா 1960-லேர்ந்து அவுட்போர்டு மோட்டாரும் செய்யற கம்பெனி. (வல்லத்துல வள்ளத்துக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு மொக்கை போடலாம், போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.) இங்கேர்ந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம் ஒன்றரை மணி நேரம். கியர் பல்லுல மைக்ரான் கணக்குல தேய்மானம் பாக்கற ஆளுங்க இங்க ஆயிரக்கணக்குல இருக்கோம். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினா "கியர் போச்சு, மாத்து"!

யூனிட் மாத்தவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. கேசிங் வெடிச்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். பேரிங் உடைஞ்சு இரும்புத் துண்டு எல்லாப் பல்லுலயும் கடிபட்டிருந்தா மாத்தறதே மேல். பெவல் கியரை உள்ள உக்கார வெக்க ஷிம் தகடு வெச்சு இடைவெளியை அளந்து வெக்கணும், அதுக்குக் கருவி வேணும், திண்ணையில உக்காந்து பண்ற வேலை இல்ல. (நான் பிரிச்சதை நானே திரும்பப் பூட்டினேன். அது சரியா இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.) நான் கேக்கறது, உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய பாத்தியாங்கிற ஒரே கேள்வி. புரொப்பல்லர்ல ஒரு கோடு போட்டுப் பாத்தியா? கேபிளைக் கழட்டிட்டு லிவரைக் கையால தள்ளிப் பாத்தியா? ராத்திரி பூரா நிக்க விட்டுட்டு காலையில கீழ் திருகை லேசா தளர்த்தினியா? உள்ள தண்ணி இருந்தா அடியில தங்கியிருக்கும், முதல் சொட்டே தண்ணியா வரும். இதுக்கெல்லாம் ஒரு ரூபா செலவு கிடையாது.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. நம்ம கரையில கீழ் யூனிட் நிஜமாவே சாகறதுக்கு முக்கியமான காரணம் எதுன்னு அந்த ஊர்ல மோட்டார் வேலை பாக்கற பெரியவர் ஒருத்தர் சொன்னார்: தங்கூசி. அறுந்து மிதக்கிற நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னாடி ஷாஃப்ட்ல சுத்திக்கும். சுத்திச் சுத்தி உள்ள போய் ஆயில் சீலை அறுக்கும். சீல் போனா தண்ணி உள்ள, ஆயில் பால் காபி. அதோட ஓட்டினா பேரிங் துரு, அப்புறம் பல்லு. சீல் விலை சொற்பம். புரொப்பல்லரை அப்பப்ப கழட்டி நரம்பு இருக்கான்னு பாக்கறது பத்து நிமிஷ வேலை. சீல் தாங்குதான்னு பாக்க பத்து பதினஞ்சு பிஎஸ்ஐ காத்து அடிச்சு, தண்ணித் தொட்டியில முக்கிக் குமிழ் வருதான்னு பாத்தா போதும். பஞ்சர் கடைக்காரர் டியூபுக்குப் பண்றதேதான். அந்தப் பெரியவர் எனக்கு இன்னொண்ணும் சொன்னார், மேல் ஓட்டை வழியா ஆயில் ஊத்தாதே, கீழ் ஓட்டையில பம்ப் பண்ணி மேல வழியற வரைக்கும் ஏத்து, இல்லைன்னா உள்ள காத்து நிக்கும்னு. மேனுவல்லயும் அதேதான் போட்டிருக்கு. அவர் எந்த மேனுவலையும் படிச்சதில்ல. மாமா ஏன் அவர்கிட்ட போகலைன்னு கேட்டேன். "வெளி ஆளு கை வெச்சா வாரண்டி போயிடும்னு சொன்னாங்க மாப்ள." வாரண்டி முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு!

இதுல மீனவர்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கு, மாமா கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. கியர் மாத்தும்போது எஞ்சினுக்கு வலிக்கும்னு லிவரை மெது மெதுவா தள்றாங்க. டாக் கிளட்ச்சுக்கு அதுதான் விஷம். பல்லு பாதி கோர்த்தும் கோக்காமலும் உரசி முனை மழுங்கிடும். வேகத்தை ஐடில்ல விட்டுட்டு 'டக்'குனு ஒரே தள்ளா தள்ளணும். இதை ஏன் யாரும் அவர்கிட்ட சொல்லல? மோட்டாரோட வந்த புத்தகத்துல இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. அது பரண்ல இருக்கு.

பெரிய விசைப்படகுக் கதை வேற. காசிமேட்டுல நிக்கற டிராலர்கள்ல இருக்கிறது ஹைட்ராலிக் கியர்பாக்ஸ், அங்க கிளட்ச் தட்டு உண்டு, அது வழுக்கும். ஆனா அங்கயும் பாதி நோய் வெளியதான். துருப்பிடிச்ச கேபிள் லிவரை முழுசா தள்ளாது, வால்வு பாதிதான் திறக்கும், ஆயில் அழுத்தம் முழுசா வராது, தட்டு எரியும். எரிஞ்ச தட்டை மாத்திட்டு அதே கேபிளை மாட்டி அனுப்பினா மூணு மாசத்துல மறுபடி எரியும். ஷாஃப்ட் நேரா இருக்கான்னு கரையில ஏத்தி வெச்சுப் பாக்கறதும் அப்படித்தான். தண்ணியில இறங்கினதும் படகோட உடம்பு கொஞ்சம் வளையும், அளவு மாறிடும். கப்ளிங்கை மறுபடி ஃபீலர் கேஜ் வெச்சுப் பாக்கணும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துலதான் இந்த வேலை எல்லாம் நடக்கும். எல்லாப் படகும் ஒரே நேரத்துல மேல ஏறும், ஒரே நேரத்துல இறங்கணும். அந்த நெருக்கடியில யாரு கேஜ் வெச்சுப் பாப்பா?

பாக்காம விட்டா என்ன ஆகும்? லாரின்னா ரோட்டோரம் நிக்கும், டிரைவர் டீ குடிப்பார். கடல்ல ஓரம் கிடையாது. ராமேஸ்வரம் பக்கம் கியர் விழலைன்னா படகு நீரோட்டத்தோட போகும். 1974-லயும் 1976-லயும் ஒப்பந்தத்துல போட்ட எல்லைக்கோடு நீரோட்டத்துக்குத் தெரியாது.

அரசாங்கத்தைத் திட்டாம தமிழ்ப் பதிவு முடியுமா? கொஞ்சம் திட்டிக்கறேன். 2022-ல மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் பண்ணிக்கிற உரிமை'ன்னு ஒரு குழு போட்டுச்சு. மேனுவல் குடு, ஸ்பேர் பார்ட் குடு, வெளி மெக்கானிக்கைத் தடுக்காதேன்னு கம்பெனிகளைக் கேக்கற நல்ல யோசனை. நாலு துறை எடுத்தாங்க: விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வண்டி. டிராக்டர் இருக்கு, மிக்ஸி இருக்கு. படகு மோட்டார் இல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடற்கரை வெச்சிருக்கிற நம்ம மாநிலத்துலேர்ந்து யாராவது எழுந்து கேட்டிருக்கலாம். 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் படகும் எஞ்சினும் ஏகப்பட்டது குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. எஞ்சின் குடுத்த கையோட ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு குடுத்திருந்தா எத்தனை யூனிட் பொழைச்சிருக்கும்? ராயபுரத்துல சிஃப்நெட் இருக்கு, மரைன் ஃபிட்டர் கோர்ஸ் நடத்தறாங்க, நல்ல படிப்பு. அதைப் படிச்சவங்களுக்குக் கப்பல் வேலை இருக்கும்போது கோவளம் மணல்ல வந்து யார் நிப்பா? அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்யதை இல்ல. நானே ஏசி ரூம்லதான் இருக்கேன்.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி பி.ஈ. முடிச்சுட்டு பொட்டி தட்டறவங்க. தமிழ்ல எழுதறோம், தமிழ்ல சண்டை போடறோம், சினிமா விமர்சனம் ஆயிரம் எழுதிட்டோம். கியர் ஆயிலை எப்படிப் பாக்கறதுன்னு தமிழ்ல நாலு வரி எத்தனை பேர் எழுதியிருக்கோம்? நான் ஒண்ணு கூட எழுதல. நேத்துதான் ஆரம்பிச்சேன். ஒரு ஏ4 பக்கம், ரெண்டு பக்கமும், பெரிய எழுத்து, கையால வரைஞ்ச படம். டாக் கிளட்ச்சுக்குத் தமிழ்ல என்ன போடறதுன்னு ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில மாமாவைக் கேட்டேன். "பல்லுன்னு போடு, எல்லாருக்கும் புரியும்"னார். பல்லுன்னே போட்டிருக்கேன். மெக்கானிக்கல் படிச்சவங்க, கரையோரம் சொந்தம் இருக்கிறவங்க யாராவது சரிபாத்துக் குடுத்தா லேமினேட் பண்ணி ஏலக்கூடத்துல மாட்டலாம்னு இருக்கேன். உங்க ஊர்ல தங்கூசிக்கு, சீலுக்கு, புரொப்பல்லருக்கு என்ன பேர் சொல்றாங்கன்னும் சொல்லுங்க. ஒவ்வொரு குப்பத்துலயும் ஒரு பேர் இருக்கு.

பழைய புரொப்பல்லரை ரப்பர் மாத்தி வெச்சாச்சு. பழைய யூனிட் திண்ணையில ஸ்பேரா கிடக்கு. வளையல் இன்னும் அடகுலதான். வட்டி கட்ட வேண்டிய தேதி 12, இந்த மாசம் நான் கட்டறேன்னு சொன்னதுக்கு அத்தை பதிலே சொல்லல.

டிஸ்கி: எந்த மோட்டார், எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.